ஒரு கையெழுத்தால் முடிந்தவை: யாழ்ப்பாணத்தில் வளரும் அதிருப்தி

யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்தி 2024 இல் முதலிடத்துக்கு வந்தது. 2024 நவம்பர் 14 நடந்த பாராளுமன்றத் தேர்தலில் அக்கட்சி இங்கே 80,830 வாக்குகளைப் பெற்று ஆறு ஆசனங்களில் மூன்றை எடுத்தது. விகிதாசாரத் தேர்தல் முறை வந்த பின்னர், தெற்கைத் தளமாகக் கொண்ட ஒரு கட்சி யாழ்ப்பாணத்தில் முதலாவதாக வந்தது அதுவே முதல் தடவை. ஆறு மாதம் கழியமுன், 2025 மே 6 நடந்த உள்ளூராட்சித் தேர்தலில், அதே கட்சியின் வாக்குகள் மாவட்டத்தில் சுமார் 56 ஆயிரமாகக் குறைந்தன. தமிழரசுக் கட்சி 88 ஆயிரத்துக்கு மேல் பெற்று முதலிடத்துக்குத் திரும்பியது. யாழ். மாநகர சபையின் 45 ஆசனங்களில் தமிழரசுக் கட்சிக்கு 13, தமிழ்த் தேசிய மக்கள் முன்னணிக்கு 12, தேசிய மக்கள் சக்திக்கு 10.

உள்ளூராட்சித் தேர்தலையும் பாராளுமன்றத் தேர்தலையும் அப்படியே தட்டில் வைத்து நிறுக்க முடியாது. வட்டாரத்தில் நிற்பவர் யார், அவர் எந்த ஊர், எந்தக் குடும்பம் என்பதெல்லாம் அங்கே வாக்கைத் தீர்மானிக்கும். ஆனால் அந்தக் கணக்கையெல்லாம் கழித்த பிறகும் ஒரு சரிவு மிஞ்சுகிறது. அதை இப்போது சந்தையிலும் கோயில் வீதியிலும் கேட்கலாம். ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க மீது யாழ்ப்பாணத்தில் உருவாகிவரும் அதிருப்தி எத்தகையது? அது எதிலிருந்து வருகிறது? இதை இரண்டு தரப்புகளும் பிழையாக விளங்கிக்கொள்கின்றன என்பது என் கருத்து.

முதலில் அந்த 80,830 வாக்குகள் என்னவென்று பார்க்க வேண்டும். அது செல்லுபடியான வாக்குகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று. ஆறு ஆசனங்களுக்காக யாழ்ப்பாணத்தில் 44 அணிகள், 396 வேட்பாளர்கள் களத்தில் நின்றார்கள். தமிழ்க் கட்சிகளின் வாக்கு தூள் தூளாகச் சிதறியது. சிதறாமல் நின்ற கால்வாசி வாக்கு முதலிடத்தைப் பிடித்தது. எனவே யாழ்ப்பாணம் முழுவதும் சிவப்பாக மாறிவிட்டது என்று அன்று கொழும்பில் எழுதப்பட்டது மிகை. அதேவேளை அதைச் சாதாரண விபத்து என்றும் தள்ளிவிட முடியாது. அதற்கு இரண்டு மாதம் முன்னர், 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில், இதே மாவட்டத்தில் அநுரவுக்குக் கிடைத்தவை 27,086 வாக்குகள் மட்டுமே. எட்டு வாரத்தில் அது ஏறத்தாழ மூன்று மடங்கானது. கட்சிக்குள் நடந்த தலைவர் தெரிவை நீதிமன்றத்துக்கு இழுத்துச் சென்ற தமிழரசுக் கட்சி மீதான சலிப்பு அதில் இருந்தது. உடைந்து போன கூட்டமைப்பின் மீதான கோபமும் இருந்தது. அதைவிட முக்கியமாக, ஊழல் செய்யாத ஒரு ஆட்சி வந்தால் எங்கள் அன்றாடக் கஷ்டமும் குறையும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது.

இங்கே 2015 ஐ நினைவுபடுத்த வேண்டும். அந்த ஆண்டு ஜனவரியில் யாழ்ப்பாணம் மைத்திரிபால சிறிசேனவுக்கு 74 வீத வாக்குகளை அள்ளிக் கொடுத்தது. ஆனால் அந்த வாக்குகள் கூட்டமைப்பின் ஊடாகப் போயின. "வாக்களியுங்கள்" என்று கேட்டவர் சம்பந்தன். நல்லாட்சி ஏமாற்றியபோது மக்களின் கோபம் சிறிசேன மீதும் ரணில் மீதும் போனதைவிட, நடுவில் நின்ற கூட்டமைப்பின் மீதே கூடுதலாகப் போனது. 2020 இல் அதன் பலனைக் கூட்டமைப்பு அனுபவித்தது. 2024 நவம்பரில் அப்படி நடுவில் நிற்க ஒருவரும் இருக்கவில்லை. மக்கள் நேரடியாகத் திசைகாட்டிக்குப் புள்ளடியிட்டார்கள். ஆகவே ஏமாற்றமும் இப்போது நேரடியாகவே போகிறது. இடையில் பழி சுமக்க ஆளில்லை. இந்த அதிருப்தியின் முதல் குணம் இதுதான்.

நியாயமாகச் சொல்ல வேண்டியவற்றையும் சொல்ல வேண்டும். 2025 ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் வடக்கின் வீதிகளுக்கும் பாலங்களுக்கும் 5,000 மில்லியன் ரூபாவும், வட்டுவாகல் பாலத்துக்கு 1,000 மில்லியனும், யாழ். நூலகத்துக்கு 100 மில்லியனும் ஒதுக்கப்பட்டன. 2025 செப்டெம்பர் முதலாம் திகதி ஜனாதிபதி யாழ்ப்பாணம் வந்து மயிலிட்டித் துறைமுகத்தின் மூன்றாம் கட்ட வேலையையும், மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கான பணியையும் தொடக்கிவைத்தார். கடவுச்சீட்டு அலுவலகத்தைத் திறந்தார். கடவுச்சீட்டுக்காக இரவிரவாகப் பயணம் செய்து பத்தரமுல்லையில் வரிசையில் நின்ற எங்கள் சனத்துக்கு அது சின்ன விடயம் அல்ல. 2024 கார்த்திகையில் துயிலும் இல்லங்களில் விளக்கேற்றியவர்களுக்கு முந்தைய ஆண்டுகளை விட இடையூறு குறைவாக இருந்தது. முன்னாள் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 2025 ஓகஸ்டில் கைது செய்யப்பட்டபோது, சட்டம் பெரியவர்களையும் தொடும் என்று இங்கேயும் பலர் மெச்சினார்கள்.

அப்படியானால் அதிருப்தி எதற்கு?

தமிழ் மக்கள் ஒரு அரசாங்கத்திடம் கேட்பவற்றை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது, அரசியலமைப்பை மாற்றினால்தான் கிடைப்பவை. அதிகாரப் பகிர்வு, சமஷ்டி போன்றவை இந்த வகை. அவற்றுக்குக் காலம் வேண்டும், தெற்கின் சம்மதம் வேண்டும். இரண்டாவது, பணம் வேண்டியவை. வங்குரோத்தான நாடு, சர்வதேச நாணய நிதியத்தின் கண்காணிப்பில் இருக்கும் திறைசேரி. அதையும் சனம் விளங்கிக்கொள்ளும். மூன்றாவது, ஒரு தீர்மானத்தாலும் ஒரு கையெழுத்தாலும் முடியக்கூடியவை. புதிய யாப்பு வேண்டாம், கோடிக்கணக்கில் பணமும் வேண்டாம். ஆளும் தரப்பு விரும்பினால் போதும். யாழ்ப்பாணத்தில் வளரும் அதிருப்தி இந்த மூன்றாவது வகையில்தான் வேர்விட்டிருக்கிறது. முதல் ஆண்டிலேயே சமஷ்டி கிடைக்கும் என்று எண்ணி ஒருவரும் திசைகாட்டிக்கு வாக்களிக்கவில்லை. ஆனால் தங்கள் வளவுக்குள் போகலாம் என்று எண்ணியவர்கள் இருந்தார்கள்.

காணி வர்த்தமானியை எடுத்துக்கொள்வோம். 2025 மார்ச் 28 ஆம் திகதியிடப்பட்ட 2430 ஆம் இலக்க வர்த்தமானி, வடக்கின் நான்கு மாவட்டங்களில் ஏறக்குறைய 5,940 ஏக்கர் காணியைக் குறித்தது. யாழ்ப்பாணத்தில் 3,669 ஏக்கர், முல்லைத்தீவில் 1,703, கிளிநொச்சியில் 515, மன்னாரில் 54. பிரித்தானியர் காலத்து 1931 ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் 4 ஆம் பிரிவின் கீழ் வந்த அறிவித்தல் அது. மூன்று மாதங்களுக்குள் உரிமை கோராத காணி அரச காணியாகும் என்பதே அதன் சாரம்.

யாழ். மாவட்டத்தில் இது பெருமளவில் தொட்டது வடமராட்சி கிழக்குக் கரையோரத்தை. அந்தக் கரையின் கதை எல்லோருக்கும் தெரியும். 2004 மார்கழியில் சுனாமி வீடுகளோடு பெட்டகங்களையும் அடித்துச் சென்றது. பிறகு யுத்தம். சனம் வன்னிக்குள் இடம்பெயர்ந்து, முள்ளிவாய்க்கால் வரை போய், மெனிக் பாமில் கிடந்து திரும்பியது. உறுதியைத் துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போனவர்களில் பலர் கடைசியில் இடுப்புத் துணியோடுதான் வந்தார்கள். உறுதியில் பெயருள்ளவர் இறந்திருப்பார். இறப்புச் சான்றிதழ் இருக்காது. பிள்ளைகளில் ஒருவர் கனடாவில், ஒருவர் காணாமற்போனவர் பட்டியலில். முதுசம் பிரிக்கப்படாமலே கிடக்கும். தமிழ் நாட்டில் முகாம்களில் இருக்கும் குடும்பங்களின் காணிகளும் இதற்குள் உண்டு. இவர்களுக்கு மூன்று மாதத் தவணை கொடுத்து "உரிமையைக் காட்டு" என்பது, காணியை எடுப்பதற்கு ஒரு கண்ணியமான வழி என்றே மக்கள் விளங்கிக்கொண்டார்கள்.

காணிக்கு உறுதி இல்லாதவர்களின் பிரச்சினையைத் தீர்க்கத்தான் இதைச் செய்தோம் என்று அரசாங்கம் விளக்கம் சொன்னது. அப்படியே வைத்துக்கொள்வோம். அப்படியானால் முதலில் நடமாடும் சேவை வந்திருக்க வேண்டும். காணிப் பதிவகத்திலிருந்து பிரதிகளை இலவசமாகக் கொடுத்திருக்க வேண்டும். புலம்பெயர்ந்தவர்கள் தூதரகங்களில் விண்ணப்பிக்க வழி செய்திருக்க வேண்டும். இவை எதுவும் இல்லாமல் வர்த்தமானி முதலில் வந்தது. எதிர்ப்புக் கிளம்பிய பின்னர் மே மாத இறுதியில் அதை மீளப்பெறுவதாக அரசாங்கம் சொன்னது. சுமந்திரன் தாக்கல் செய்த மனுவில் ஜூன் 27 உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வர்த்தமானி போய்விட்டது. ஆனால் அது வந்த விதம் ஒரு பழைய நினைவைக் கிளறிவிட்டது. 2013 ஏப்ரலில், மகிந்த ராஜபக்ச ஆட்சியில், வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதாக இதேபோல மரங்களில் அறிவித்தல் ஒட்டினார்கள். அப்போது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காணி உரிமையாளர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஆட்சி மாறியும் அறிவித்தலின் பாஷை மாறவில்லை என்பதைத்தான் மக்கள் 2025 இல் பார்த்தார்கள்.

இரண்டாவது, வலிகாமம் வடக்கு. 1990 ஜூனில் அங்கிருந்து வெளியேறிய குடும்பங்களில் ஒரு பகுதி 35 ஆண்டுகளுக்குப் பிறகும் வாடகை வீட்டிலும் உறவினர் வளவிலும் இருக்கிறது. 2024 நவம்பர் 10 ஆம் திகதி, தேர்தலுக்கு நான்கு நாள் முன்னர், பாசையூருக்கு வந்த ஜனாதிபதி காணி விடுவிப்பைப் பற்றி வாக்குறுதி தந்தார். அதன் பின் நடந்தவற்றில் அதிகம் பேசப்பட்டது 2025 ஏப்ரல் 10 இல் திறக்கப்பட்ட வயாவிளான் - பலாலி வீதி. 34 ஆண்டுகளுக்குப் பின்னர் திறந்தார்கள். கூடவே ஒரு பலகையும் நட்டார்கள். காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டும் போகலாம். இடையில் நிற்கக் கூடாது. நடந்து போகக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. வீதியின் இரு பக்கமும் இருப்பவை அந்த மக்களுடைய சொந்தக் காணிகள். தான் பிறந்த வீட்டை ஓடும் வாகனத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்படி ஒருவருக்குச் சொல்லப்பட்டது.

தையிட்டியிலும் இதே கேள்விதான். தனியார் காணியில் இராணுவத்தின் துணையோடு எழுந்த திஸ்ஸ விகாரைக்கு எதிராகக் காணிக்காரர்கள் ஒவ்வொரு போயா தினத்திலும் வந்து நிற்கிறார்கள். அவர்கள் புத்தருக்கு எதிராக நிற்கவில்லை. உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். மாற்றுக் காணி, நட்டஈடு என்று பேச்சு வருகிறது. முடிவு வரவில்லை.

இந்த இடத்தில் ஒரு விடயத்தை மறக்கக் கூடாது. இந்த நாட்டின் பாதுகாப்பு அமைச்சர் வேறு ஒருவர் அல்ல. ஜனாதிபதி அநுரவே அந்தப் பொறுப்பைத் தன் கையில் வைத்திருக்கிறார். இராணுவம் கைவசம் வைத்திருக்கும் காணியை விடுவிக்க அவர் எந்தக் கூட்டணிக் கட்சியின் சம்மதத்தையும் பெற வேண்டியதில்லை. முன்னாள் ஜனாதிபதி ஒருவர் கைதாவதைப் பார்த்து அஞ்சாத அரசாங்கம், ஒரு ஊர் வீதியைத் திறக்க ஏன் இத்தனை நிபந்தனை போட்டது என்று சனம் கேட்பது நியாயம்.

மூன்றாவது, சட்டங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்பது தேசிய மக்கள் சக்தியின் தேர்தல் விஞ்ஞாபனத்தில் இருக்கிறது. 1971 இலும் 1987-89 இலும் அரச ஒடுக்குமுறையைத் தாங்கிய கட்சி அது. விசாரணையின்றித் தடுத்து வைப்பது என்றால் என்னவென்று அதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் 1979 இல் தற்காலிகமாகக் கொண்டுவரப்பட்ட அந்தச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மாகாண சபைத் தேர்தலை ஒரு வருடத்துக்குள் நடத்துவோம் என்பதும் அதே விஞ்ஞாபனத்தில் உண்டு. வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின்னர் ஆளுநரின் ஆட்சிதான். 2017 இல் செய்த சட்டத் திருத்தமும், அதன்படி வந்த எல்லை நிர்ணய அறிக்கை பாராளுமன்றத்தில் தோற்றதுமே தடை. பழைய விகிதாசார முறையில் நடத்த ஒரு சிறு திருத்தம் போதும். அதற்குச் சாதாரண பெரும்பான்மை போதும். அரசாங்கத்தின் கையில் 225 இல் 159 ஆசனங்கள் இருக்கின்றன. மூன்றில் இரண்டுக்கே 150 தான் தேவை. "எங்களுக்குப் பெரும்பான்மை இல்லை" என்று சொல்ல முன்னைய ஆட்சிகளுக்கு இருந்த சாட்டு இவர்களுக்கு இல்லை.

இவற்றின் பின்னணியில் செம்மணி. 2025 பெப்ரவரியில் அரியாலை சித்துப்பாத்தி இந்து மயானத்தில் கட்டட வேலைக்காக வெட்டியபோது எலும்புகள் தென்பட்டன. மே மாதம் அகழ்வு தொடங்கியது. செப்டெம்பர் முற்பகுதிக்குள் 240 அளவிலான எலும்புத் தொகுதிகள் அடையாளம் காணப்பட்டுவிட்டன. அவற்றில் சிறுவர்களுடையவையும் உண்டு. ஜூன் 25 ஐ.நா. மனித உரிமைகள் உயர் ஸ்தானிகர் வோல்கர் டர்க் அந்த இடத்துக்கு வந்தார். நீதிமன்றத்தின் மேற்பார்வையில் அகழ்வு நடக்கிறது, அரசாங்கம் தடுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் 1998 இல் கொழும்பு மேல் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற ஒரு இராணுவ வீரர் செம்மணியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டதாகச் சொன்னதையும், 1999 இல் 15 உடல்களோடு அந்த விசாரணை நின்றுபோனதையும் இங்கே ஒருவரும் மறக்கவில்லை. அதனால்தான் தாய்மார் சர்வதேசக் கண்காணிப்பைக் கேட்கிறார்கள். ஒக்டோபர் 6 ஜெனீவாவில் தீர்மானம் வாக்கெடுப்பின்றி நிறைவேறியபோது, சான்று சேகரிக்கும் வெளிப் பொறிமுறையை இந்த அரசாங்கமும் முன்னைய அரசாங்கங்களைப் போலவே நிராகரித்தது.

ஏன் இப்படி? ஜே.வி.பி.யின் வரலாறு ஒரு பதில். 2005 இல் சுனாமிப் பொதுக் கட்டமைப்பை எதிர்த்து அரசாங்கத்தை விட்டு வெளியேறிய கட்சி அது. வடக்கு கிழக்கு இணைப்புக்கு எதிராக வழக்குப் போட்டு 2006 ஒக்டோபரில் பிரிப்புத் தீர்ப்பை வாங்கியதும் அதுவே. இனப்பிரச்சினையை அக்கட்சி எப்போதும் பொருளாதாரப் பிரச்சினையாகவே வாசித்து வந்திருக்கிறது. வீதி போட்டால், தொழில் கொடுத்தால், இலஞ்சத்தை ஒழித்தால் வடக்கும் தெற்கும் ஒன்றாகிவிடும் என்பது அதன் நம்பிக்கை. நல்ல எண்ணத்தோடும் ஒருவர் அப்படி நம்பலாம். ஆனால் அந்த வாசிப்பில் காணி என்பது அபிவிருத்திக்கான நிலம். எங்களுக்கு அது முதுசம். அந்த வாசிப்பில் இராணுவம் என்பது நாட்டின் சொத்து. எங்களுக்கு அது வளவுக்குள் இருக்கும் வேலி.

அரசாங்கத்தின் ஆதரவாளர்கள் "ஒரு வருடம்தானே, பொறுங்கள்" என்கிறார்கள். முதல் இரண்டு வகைக் கோரிக்கைகளுக்கு அந்தப் பதில் பொருந்தும். மூன்றாவது வகைக்குப் பொருந்தாது. ஒரு கையெழுத்துக்கு ஒரு வருடம் போதும். தெற்கில் எதிர்ப்பு வரும் என்பது அடுத்த பதில். வரும்தான். ஆனால் 159 ஆசனங்கள் இருக்கும்போது எதிர்கொள்ள முடியாத எதிர்ப்பை, நாளை ஆசனங்கள் குறைந்த பிறகு எப்படி எதிர்கொள்வார்கள்?

ஆகவே தேசிய மக்கள் சக்தி இந்த அதிருப்தியை "இனவாதிகள் தூண்டிவிடுகிறார்கள்" என்று விளங்கிக்கொண்டால் அது பிழை. தமிழ்க் கட்சிகள் இதைத் தங்களுக்குக் கிடைத்த மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டால் அதுவும் பிழை. முத்தையன்கட்டில் ஒரு இளைஞரின் மரணத்தைத் தொடர்ந்து, இராணுவப் பிரசன்னத்துக்கு எதிராகத் தமிழரசுக் கட்சி ஓகஸ்ட் 18 இல் அழைத்த கதவடைப்பு முழுமையாக நடக்கவில்லை. பல கடைகள் திறந்திருந்தன. அந்த மரணத்தையிட்டுச் சனத்துக்குக் கவலை இல்லாமல் அல்ல. அழைத்தவர்கள் மீது முழு நம்பிக்கை திரும்பவில்லை என்பதே காரணம். மே மாதத்து வாக்கு அநுரவுக்குச் சொன்ன ஒரு "இல்லை". அதைத் தமிழ்க் கட்சிகளுக்குச் சொன்ன "ஆம்" என்று வாசிக்க இன்னும் ஆதாரம் இல்லை.

2025 இல் அதிருப்தி எங்கே பலன் தந்தது என்று பார்த்தால், ஒரே ஒரு தெளிவான உதாரணம்தான் கிடைக்கிறது. காணி வர்த்தமானி. அங்கே மக்கள் சினந்ததோடு நிற்கவில்லை. பிரதேச செயலகங்களுக்குப் போனார்கள். சட்டத்தரணிகள் கிராமங்களில் உட்கார்ந்து படிவங்களை நிரப்பிக் கொடுத்தார்கள். ஒன்றோடொன்று முகம் கொடாத கட்சிகள் ஒரே விடயத்தைப் பேசின. வழக்குப் போடப்பட்டது. அரசாங்கம் பின்வாங்கியது. அந்த வர்த்தமானி இரத்தானாலும் 1931 ஆம் ஆண்டுச் சட்டம் இரத்தாகவில்லை. நாளை வேறு இலக்கத்தில் வேறொரு அறிவித்தல் வரலாம். அதற்குள் செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன. உறுதி தொலைந்தவர்கள் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்க வேண்டும். இறந்தவர் பெயரில் கிடக்கும் முதுசத்தைப் பிள்ளைகள் பேரில் மாற்ற வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுக்க வேண்டும். 1990 இல் யாழ்ப்பாணத்தை விட்டு விரட்டப்பட்ட முஸ்லிம் சகோதரர்களின் காணிகளுக்கும் இது பொருந்தும். புதிதாக வந்த பிரதேச சபைகள் இதற்கென ஒரு மேசையாவது போட்டிருக்கலாம். தமிழ்க் கட்சிகள் தங்கள் சபைகளைக் கொண்டு இதைச் செய்தால், அடுத்த முறை வாக்குக் கேட்க அவர்களிடம் ஒரு காரணம் இருக்கும்.

ஜனாதிபதி மீண்டும் யாழ்ப்பாணம் வருவார். புதிய அடிக்கல்கள் நடப்படும். அவை வேண்டாம் என்று இங்கே ஒருவரும் சொல்லப் போவதில்லை. அடிக்கல்லை நட்டபின் அவர் கொழும்புக்குத் திரும்பும்போது, பாதுகாப்பு அமைச்சர் என்ற முறையில் அவருடைய மேசையில் வலிகாமம் வடக்கின் காணிக் கோப்பு கிடக்கும். சனம் அவரை அந்தக் கோப்பை வைத்துத்தான் அளக்கும்.